வாசகர் கேள்வி – பதில்: நங்கூரத்தைச் சுற்றிய பாசி

போன மாதம் வீடியோ கேம் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நம் கரையோரத்திலிருந்தே இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் டெல்மைஸ் என்ற ஒரே போக்கிமானை (அந்த விளையாட்டில் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் கற்பனை உயிரை) பற்றித்தான், அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன்.

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். துபாயில் இருக்கும் அவன் மாமா கொடுத்துவிட்ட கேமில் டெல்மைஸ் என்று ஒரு நங்கூரப் பேயைப் பிடித்து வைத்திருக்கிறான். அவனுக்கு அதுதான் உசிர். என் மாமியார் முப்பது வருசம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கப் போனவர். “கடல்ல போனவுகள வச்சு என்னடா விளையாட்டு” என்று கோபப்படுகிறார். யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. – வாசகி, பாம்பன்

சகோதரி, முதலில் அத்தை சொல்வதைப் பார்ப்போம். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது, பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு தண்ணீருக்குள் போனது. அதைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் கடலில் ஆவி என்பது விளையாட்டுப் பேச்சு கிடையாது. எங்கள் வீட்டிலும் அந்த ராத்திரி பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் குரல் தாழ்ந்துவிடும். அதனால் பையன் முன்னால் “பாட்டிக்கு ஒன்றும் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சரி, டெல்மைஸ் யாருடைய ஆவி என்று பார்த்தால், அது எந்த மாலுமியின் ஆவியும் கிடையாது. 2016 நவம்பரில் வந்த போக்கிமான் சன், மூன் விளையாட்டுகளில்தான் அது முதலில் வந்தது. அதைப் பற்றி விளையாட்டுக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கிறது, பையனிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவான். அலையில் அலைந்து திரிந்த பாசியின் உயிர் திரும்பப் பிறந்து இந்த உருவம் எடுத்தது என்று அதில் வரும். பார்த்த உடனே கண்ணில் படுவது பெரிய நங்கூரமும் கப்பலின் சுக்கான் சக்கரமும். அதைச் சுற்றிக் கிடக்கும் பச்சையை இரும்பில் ஒட்டிய பாசி என்று விட்டுவிடுவோம், ஆனால் அந்தப் பச்சைதான் அதன் உடம்பு. மற்றதெல்லாம் மூழ்கிய கப்பலிலிருந்து அது சேர்த்துக்கொண்ட சாமான். கடலடியில் கிடக்கிற கழிவையும் புதுப் பாசியையும் சேர்த்துச் சேர்த்துத் தன்னை வைத்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் அதற்கு உடம்பு நிற்காது. 3.9 மீட்டர் உயரம், 210 கிலோ எடை. 14.5 மீட்டர் நீளத் திமிங்கிலப் போக்கிமானான வெய்லார்டை நங்கூரத்தை ஒரு வீசு வீசிச் சாய்த்துவிடும். இத்தனை பலமும் ஒரு பாசிக்கு!

பாசிக்கு உயிர் உண்டு என்று உங்கள் அத்தைக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. என் பெரியம்மாவும் பாசிக்குப் போனவர்தான். விடியுமுன் திண்ணையில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்து, பாறையில் கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சை இறுக்குவார். மத்தியானம் திரும்பி வந்து துணியை அவிழ்த்தால் விரல்நுனி வெள்ளையாகச் சுருங்கிக் கிடக்கும், உப்பு வாசம் அடிக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாட்களில் மட்டும் போவது, மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விடுவது, மீன்பிடித் தடைக் காலத்தில் இவர்களும் கடலில் இறங்காமல் இருப்பது என்று, யாரும் சட்டம் போடுவதற்கு முன்பே தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொண்டவர்கள் இந்தப் பெண்கள். உயிருள்ள ஒன்றுக்குக் கொடுக்கிற மரியாதை அது.

அதனால் நான் சொல்வது இதுதான். ஒரு சாயங்காலம் பையனை அத்தை பக்கத்தில் உட்கார வைத்து, திரையில் அந்தப் பச்சையைப் பெரிதாகக் காட்டச் சொல்லுங்கள். நம் கடலில் எடுக்கிற பாசிகளில் இது மரிக்கொழுந்தா, கட்டக்கோரையா, கஞ்சிப்பாசியா, பக்கோடாப் பாசியா என்று அவன் கேட்கட்டும். என் கணிப்பு கட்டக்கோரை. அதில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருப்பதால் அறுந்துவிட்டாலும் மூழ்காமல் மிதந்தே போகும், அலையில் அலைந்த பாசி என்ற குறிப்புக்கு அதுதான் ஒத்துவருகிறது. ஆனால் கட்டக்கோரை பழுப்பு நிறம், இது பச்சை, அங்கேதான் இடிக்கிறது. அத்தை என்ன சொன்னார் என்று கட்டாயம் எனக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகும் மனசு வராமல், ராத்திரியில் அந்தக் கேமை எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னால், ராத்திரியில் எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

கேமில் மூன்று நாளாகத் தூண்டில் போடுகிறேன், மாஜிகார்ப் என்ற மீன் போக்கிமான்தான் ஏறுகிறது. டெல்மைஸ் எங்கே கிடைக்கும்? – கல்லூரி மாணவர், தொண்டி

தம்பி, சன், மூன் விளையாட்டு என்றால் போனி தீவில் சீஃபோக் கிராமம், படகுகளையே வீடாக வைத்து வாழ்பவர்களின் ஊர். இடம் சரியாக இருந்தாலும் சும்மா தண்ணீரில் போட்டால் நூற்றுக்கு ஒரு முறைதான் டெல்மைஸ் வரும். தண்ணீர் குமிழியிடும் இடம் பார்த்துப் போடு, அங்கே நூற்றுக்குப் பத்து. அதற்குப் பரிணாமம், அதாவது வளர்ந்து வேறு போக்கிமானாக மாறுவது, கிடையாது, முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை, பிடித்தால் முழு உருவத்தோடுதான் பிடிப்பாய்.

டெல்மைஸ் பேய், புல் வகை. அப்படியிருக்க எஃகு அடியில் ஏன் இத்தனை பலம்? – வாசகர், கீழக்கரை

நல்ல கேள்வி, இதை யோசித்து வடிவமைத்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு போக்கிமானுக்கும், அது போடும் ஒவ்வொரு அடிக்கும் தீ, புல், எஃகு என்று வகை உண்டு. உடம்பு பாசி, அதனால் புல் வகை. கையில் இருப்பது இரும்பு. அதற்காகத்தான் ஸ்டீல்வொர்க்கர் என்ற திறனைக் கொடுத்திருக்கிறார்கள், அது எஃகு அடிகளை ஒன்றரை மடங்கு ஆக்கும். அதன் தனி அடியான ஆங்கர் ஷாட்டின் பலம் 80, இந்தத் திறனோடு சேர்ந்தால் 120. பட்டவர் களத்தை விட்டு மாறிப் போக முடியாது, சங்கிலி சுற்றிவிடும். எதிரியும் பேய் வகையாக இருந்தால் மட்டும் அந்தக் கட்டு நிற்காது. எஃகு இதன் வகையாக வருவதில்லை, எஃகின் அடி மட்டும் வருகிறது. சாதாரண அடியும் சண்டை அடியும் படவே படாது. தீ, பனி, பறத்தல், பேய், இருள் இந்த ஐந்து வகை அடிக்கும் ஒதுங்குங்கள். தாக்குதல் 131, வேகம் வெறும் 40. வேகத்தைப் பார்த்து வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நங்கூரம் தூக்கிய யாருக்கும் தெரியும், அதை வேகமாக வீச முடியாது, விழுந்த இடத்தில் பிடிக்கும்.

நங்கூரத்தோடு பேய்க் கதை ஜப்பானில் ஏதும் உண்டா? – ஆசிரியை, மண்டபம்

உண்டு, டீச்சர். 1185-இல் தன்னோவுரா கடற்போரில் தைரா குலம் அழிந்தது. அந்தக் குலத்துத் தளபதி தொமொமோரி நங்கூரத்தை உடம்போடு கட்டிக்கொண்டு கடலில் குதித்ததாகப் பிற்கால மேடை நாடகங்கள் காட்டுகின்றன, அவன் ஆவி வந்து எதிரியின் படகை மறிப்பதாகவும் ஒரு நாடகம் உண்டு. நெடுநாள் புழங்கிய சாமானுக்குள் ஆவி குடியேறும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் பழையது. டெல்மைஸைப் பார்த்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது.

நான் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். என் பேரன் இதைக் காட்டி, நம் கடலடியிலும் இப்படி இருக்குமா என்று கேட்கிறான். என்ன சொல்ல? – வாசகர், ஏர்வாடி

ஐயா, உங்களுக்குத் தெரியாதது இல்லை. பத்து நாள் கயிறு தண்ணீரில் கிடந்தாலே வழவழப்பு வந்துவிடுகிறது, அப்புறம் பச்சை, அப்புறம் சிப்பி ஒட்டிக் கனத்துப் போகிறது. நங்கூரம் அறுந்து கிடந்தால் கொஞ்ச காலத்தில் அதைச் சுற்றி மீன் வந்து தங்கும். பேரனிடம் அதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பருத்தி வலை அறுந்து போனால் கடலிலேயே மட்கிவிடும். இப்போதைய நைலான் வலை மட்காது, இழுக்க ஆள் இல்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். பேய் வலை என்றே அதற்குப் பெயர். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தில் அது போய்ச் சிக்கினால் பவளமும் உடைகிறது. போன கச்சான் காற்றுக் காலத்தில் கரையில் ஒதுங்கிய பாசிக் குவியல் ஒன்றை நான் காலால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு முழத்துக்கு நீல வலை, அதில் உயிரோடு இரண்டு நண்டு. அறுத்து விட்டேன், ஒன்று ஒரு காலை விட்டுவிட்டு ஓடியது. உங்கள் படகிலும் கிழிந்த வலையைக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவந்து, பேரனையே மூட்டை கட்டச் சொல்லுங்கள்.