பிப்ரவரிக்கு முன்னால் ஒரு போர்வை வாங்கி வையுங்கள்

தம்பி, உங்கள் கடிதத்தில் இருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஆகஸ்டில் வந்து மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறீர்கள். ஸ்டார்க்வில் சின்ன ஊர், கார் இல்லாமல் எங்கேயும் போக முடியவில்லை. லேபில் எதைக் கேட்டாலும் "பேஸ்பால் சீசன் வரட்டும்" என்கிறார்கள். அக்டோபரில் அணியை இரண்டாகப் பிரித்து அவர்களுக்குள்ளேயே ஆடிய பயிற்சி ஆட்டத்துக்குப் போனீர்கள், தூக்கம்தான் வந்தது. கிரிக்கெட்டில் ஊறியவனுக்கு இதில் பார்க்க என்ன இருக்கிறது, செலவு ஆகுமா, தனியாகப் போனால் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதே மிசிசிப்பி மாநிலத்து டுப்பலோ பக்கம் குடியேறிப் பல வருடம் ஆகிறது. என் பதில்: போங்கள். ஆனால் ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள், அதிலும் அக்டோபர் ஆட்டத்தை வைத்துச் சொல்லவே சொல்லாதீர்கள். கல்லூரி பேஸ்பாலை வாரக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கும். மே மாதத்துக்குள் ஒரு அணி 56 ஆட்டம் வரை ஆடலாம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணி, மூன்று ஆட்டம். நடுவில் செவ்வாயோ புதனோ பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றோடு இன்னொரு ஆட்டம். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் பாதி பேஸ்பால் புரிந்த மாதிரி.

ஏன் என்றால், இந்த ஆட்டத்தின் கதையே பந்து வீசுபவரின் தோளில்தான் இருக்கிறது. ஒரு பிட்சர் 90, 100 பந்து வீசிவிட்டால் அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். பெரும்பாலும் அடுத்த வெள்ளிதான் திரும்ப வருவார். அதனால் அணியின் சிறந்த பிட்சருக்கு வெள்ளிக்கிழமை. இரண்டாமவருக்கு சனி, மூன்றாமவருக்கு ஞாயிறு. செவ்வாய்க்கிழமை முதலாம் ஆண்டுப் பையன்கள் வந்து நடுங்கிக்கொண்டே வீசுவார்கள். வெள்ளிக்கிழமை ஸ்கோர் 3-1 என்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அதே இரண்டு அணிகள் 12-9 என்று ஆடும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது தாறுமாறாகத் தெரியும். பும்ராவுக்கு இன்னும் எத்தனை ஓவர் மிச்சம் இருக்கிறது, டெத் ஓவருக்கு யாரை வைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பழகிய மூளைக்கு இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிடும். வெள்ளிக்கிழமை ஆறாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் பின்தங்கியிருக்கும்போது கோச் நல்ல ரிலீவரை, அதாவது நடுவில் மாற்றாக வந்து வீசும் பிட்சரை, அனுப்பவில்லை என்றால், அவர் தோற்க முடிவு செய்துவிட்டார், ஞாயிறை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இதைப் பார்த்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா தலையில் அடித்துக்கொள்வார்.

விதிகளை முதலில் படித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், தேவையில்லை. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், நாலு பால் (அடிக்க வாகான கட்டத்துக்கு வெளியே போய், பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து) போனால் பேட்டர் நடந்து முதல் பேஸுக்குப் (சுற்றி ஓட வேண்டிய நான்கு முனைகளில் முதலாவது) போவார், மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்க வேண்டியதைத் தவறவிட்ட பந்து) அவுட். மீதியைப் பக்கத்து இருக்கைக்காரர்கள் சொல்லித் தருவார்கள், கேட்காவிட்டாலும் சொல்லித் தருவார்கள். கிரிக்கெட் கண்ணோடு போகிறவருக்கு ஒன்றுதான் சிக்கல்: இங்கே அவுட் ஆவது துக்கமில்லை. பத்துக்கு மூன்று முறை அடித்துப் பேஸுக்குப் போகிறவர் நல்ல பேட்டர். ஒரே ஆட்டத்தில் அவர் நாலைந்து முறை திரும்ப வருவார். அப்புறம் மட்டையின் சத்தம். தொழில்முறை ஆட்டத்தில் மரமட்டை, கல்லூரியில் 1974 முதல் உலோக மட்டைக்கு அனுமதி உண்டு. டிங் என்று ஒலிக்கும். பந்து பறக்கும் வேகம் ஆபத்தாகிக்கொண்டே போனதால் 2011-இல் மட்டையின் விசையைக் குறைக்கும்படி தர விதி கொண்டுவந்தார்கள். சத்தம் மட்டும் போகவில்லை. எனக்கு அது பிடிக்கும், மரமட்டைப் பற்றாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

உங்கள் ஊர் மைதானம் டூடி நோபிள் ஃபீல்ட். இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 2023 ஏப்ரலில் ஓல் மிஸ்ஸுக்கு (ஆக்ஸ்ஃபர்ட் என்ற ஊரில் இருக்கும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் செல்லப் பெயர்) எதிராக ஆடிய ஒரு ஆட்டத்துக்கு 16,423 பேர் வந்தார்கள். கல்லூரி வளாக மைதானம் ஒன்றில் பேஸ்பாலுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. மாணவர்களையும் சேர்த்தாலும் பெரிய ஊர் என்று சொல்ல முடியாத ஓர் ஊரில் இது. வெளிமைதான வேலிக்குப் பின்னால் லெஃப்ட் ஃபீல்ட் லவுஞ்ச் என்று ஒரு பகுதி. 1960-களில் ஆட்கள் பிக்கப் லாரியையும் டிரெய்லரையும் வேலியோரம் பின்பக்கமாக நிறுத்தி, அதன் மேல் நாற்காலி போட்டு, பக்கத்தில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க ஆரம்பித்தார்கள். மைதானத்தைப் புதுப்பித்தபோது அந்தப் பழைய லாரிகள் போய், முறையாகக் கட்டிய மேடைகள் வந்தன. புகை மட்டும் அப்படியே இருக்கிறது. விலா எலும்புக் கறி, சாசேஜ், வசந்த காலத்தில் பெரிய அண்டாவில் வேகும் கிராஃபிஷ் (இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணி) என்று வாசனை இரண்டாவது பேஸ் வரை வரும்.

தனியாகப் போவதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு விடை இந்த லவுஞ்சில்தான் இருக்கிறது. அந்த இடங்கள் குடும்பம் குடும்பமாகப் பல வருடம் கைமாறாமல் வைத்திருப்பவை, டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார முடியாது. ஆனால் உங்கள் துறையில் யாருக்காவது அங்கே ஒரு சித்தப்பாவோ பழைய அறைத்தோழரோ இருப்பார். லேபில் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். தெற்கத்திய ஆட்கள் தெரியாதவருக்குத் தட்டில் போட்டுக் கொடுப்பதில் நம் ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவேன் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு மக்ரோனி சீஸைத் தட்டு நிறைய வைப்பார்கள். வேகவைத்த வேர்க்கடலையும் இந்தப் பக்கம் உண்டு, தோலோடு உப்புப் போட்டு வேகவைத்தது. பெரியவர்களை "சார்", "மேம்" என்று கூப்பிடுங்கள். இங்கே அது நடிப்பாகத் தெரியாது, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

2021-ஐப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேச்சு புரியாது. மே இறுதியில் நாடு முழுவதிலுமிருந்து 64 அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 16 ஊர்களில் நான்கு நான்காக ஆடும், இதுதான் ரீஜனல். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. கேட்கத் தாராளமாக இருக்கிறது இல்லையா? முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணி அதற்குப் பிறகு தொடர்ந்து நான்கு ஜெயிக்க வேண்டும், அதாவது நான்கு நாளில் ஐந்து ஆட்டம். பிட்சர்களுக்கு எங்கே போவது? கடைசி நாளில் யார் யாரோ வந்து வீசுவார்கள். அதைத் தாண்டினால் சூப்பர் ரீஜனல், மூன்றில் இரண்டு. அதையும் ஜெயித்த எட்டு அணிகள் ஜூனில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவுக்குப் போகும். 1950-இலிருந்து காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் அந்த ஊரில்தான். இங்கே யாரும் "இறுதிச் சுற்றுக்குப் போவோம்" என்று சொல்ல மாட்டார்கள், "ஒமாஹா போவோம்" என்பார்கள்.

மிசிசிப்பி ஸ்டேட் பலமுறை ஒமாஹா போய் வெறுங்கையோடு திரும்பிய அணி. வில் கிளார்க், ரஃபேல் பல்மேரோ என்று பிற்பாடு பெரிய பெயர் எடுத்த இரண்டு பேர் 1980-களில் ஒன்றாக ஆடியும் கோப்பை வரவில்லை. 2021-இல் வில் பெட்னார் என்ற பிட்சர் ஜூன் 20 அன்று ஒமாஹாவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஆறு இன்னிங்ஸில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 26-ஆம் தேதி அதே டெக்சஸுக்கு எதிராக மறுபடி வீசினார், கடைசி இன்னிங்ஸில் 4-3 என்று அணி தப்பித்தது. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய இறுதிச் சுற்றில் எதிரே வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம். முதல் ஆட்டம் 8-2 தோல்வி, இரண்டாவது 13-2 வெற்றி. ஜூன் 30, மூன்றாவது ஆட்டம். பெட்னாருக்கு நடுவில் மூன்றே நாள் ஓய்வு. எதிர்ப்பக்கம் வீச வந்தவர் குமார் ராக்கர்.

ஆமாம், குமார்தான். அப்பா ட்ரேசி ராக்கர் புகழ்பெற்ற அமெரிக்க ஃபுட்பால் வீரர், அம்மா இந்திய வம்சாவளி. 2019-இல் முதலாம் ஆண்டு மாணவராக டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான சூப்பர் ரீஜனல் ஆட்டத்தில் ஒருவரைக்கூட அடித்துப் பேஸுக்குப் போக விடாமல், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், 19 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர். இந்த மாநிலத்தில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அன்றைக்குப் பெரிய தர்மசங்கடம், யாருக்குக் கைதட்டுவது என்று. எனக்கு அந்தச் சங்கடம் இல்லை, இந்த ஊர்ப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ராக்கர் ஐந்தாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை. பெட்னார் ஆறு இன்னிங்ஸ் ஒரு ஹிட் இல்லாமல் வீசினார், பின்னால் வந்த லேண்டன் சிம்ஸ் மீதி மூன்றையும் முடித்தார். 9-0. இந்தப் பல்கலைக்கழகம் எந்த விளையாட்டிலும் அணியாக வென்ற முதல் தேசியப் பட்டம் அது.

அடுத்த வருடம் நடந்ததையும் கேளுங்கள். பட்டம் வென்ற அணி 2022-இல் 64-க்குள்ளேயே வரவில்லை. அதைவிடக் கொடுமை, அந்த வருடம் கோப்பையைத் தூக்கியது பரம எதிரியான ஓல் மிஸ். அவர்களே தேர்வுப் பட்டியலில் கடைசி இடத்தைப் பிடித்துத்தான் உள்ளே வந்திருந்தார்கள். லேபில் ஓல் மிஸ்ஸில் படித்தவர் யாராவது இருந்தால் 2022 என்ற எண்ணை அடிக்கடி உச்சரிப்பார், நீங்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். 2019-இலிருந்து 2025 வரை, கொரோனாவால் ரத்தான 2020-ஐத் தவிர, எல்லாப் பட்டமும் இந்த இரண்டு அணிகளும் இருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸுக்கே, அதாவது தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடும் கூட்டமைப்புக்கே, போயிருக்கிறது. அதனால் சாதாரண ஏப்ரல் வார இறுதியிலேயே நாட்டின் மிகச்சிறந்த ஆட்டம் உங்கள் விடுதியிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைக்கும்.

அணி ஏன் ஒரே வருடத்தில் இப்படி விழுகிறது என்றால், ஆட்கள் நிற்பதில்லை. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டு முடித்ததும், அல்லது 21 வயதானதும், தொழில்முறை அணிகள் ஜூலையில் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோகலாம். இப்போது கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. பல வருடம் ஒரு அணி முழுவதற்கும் சேர்த்து 11.7 உதவித்தொகைதான் கொடுக்க முடியும் என்று விதி இருந்தது, அதைப் பிய்த்துப் பிய்த்துப் பங்கு போடுவார்கள். டிவியில் வருகிற பையன் தன் ஃபீஸில் ஒரு பகுதியை வீட்டுப் பணத்திலிருந்து கட்டிக்கொண்டிருப்பான். இப்போது அந்த விதி போய், அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது, வீரர்களுக்கு நேரடியாகப் பணமும் வருகிறது. நல்லதுதான் என்பது என் எண்ணம். பழைய ரசிகர்கள் பலர் புலம்புகிறார்கள், அவர்கள் யாரும் அந்தப் பையன்களின் ஃபீஸைக் கட்டியதில்லை.

யாரைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே கேட்காதீர்கள். சைன்ஜா என்று ஒருவர் இங்கே 2023, 2024 இரண்டு சீசன் ஆடினார். கியூரசாவ் தீவில் வளர்ந்தவர், வலது கையாலும் இடது கையாலும் வீசுவார், இரண்டு கையிலும் மாட்டிக்கொள்ள ஆறு விரல் கிளவுஸ் வைத்திருந்தார். அப்படி ஒருவரை மைதானத்தில் பார்த்தால்தான் நம்ப முடியும். 2024 ஜூலைத் தேர்வில் சியாட்டிலின் தொழில்முறை அணி முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டது. உங்கள் காலத்திலும் யாராவது வருவார்.

செலவுக்கு வருவோம். செவ்வாய் ஆட்டங்களுக்கு டிக்கெட்டும் மலிவு, இடமும் தாராளம். ஆரம்பத்துக்கு அதுதான் சரி. மாணவர்களுக்கான சலுகை வருடத்துக்கு வருடம் மாறும், ஜனவரியில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் டிக்கெட் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஓல் மிஸ் வரும் வார இறுதியைக் கடைசி நேரத்தில் வாங்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதுகுப்பையோடு போகாதீர்கள், இந்தப் பெரிய மைதானங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி. பிப்ரவரி இரவு மிசிசிப்பிதானே என்று மெல்லிய சட்டையோடு போனால் மூன்றாவது இன்னிங்ஸில் எழுந்து ஓடி வருவீர்கள், அலுமினிய பெஞ்சு ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். கனமான போர்வை ஒன்று எடுத்துப் போங்கள். மே மாதத்தில் நிலைமை தலைகீழ், தொப்பியும் தண்ணீரும். வசந்தத்தில் மின்னல் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், நடுவில் இன்னொன்று மின்னினால் முதலிலிருந்து 30. டொர்னாடோ எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

படிப்பு கெடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, உங்கள் அம்மா கேட்பார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டம் மாலையில்தான், மூன்று மணி நேரம் ஆகும். மூன்று நாளும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளி போய்விட்டு, ஞாயிறு ஆட்டத்தை ரேடியோவில் ஓடவிட்டுக்கொண்டு அசைன்மென்ட் எழுதலாம், பேஸ்பாலுக்கு ரேடியோ பொருத்தமாக இருக்கும். தேர்வு முடியும் நேரத்தில்தான் உண்மையான சூடு பிடிக்கும். ஒமாஹா போகிற வருடமாக அமைந்தால் அங்கே காரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லேபில் நாலு பேர் சேர்ந்து பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொண்டு போவார்கள், வெளிமைதானப் பக்கத்துப் பொது இருக்கையில் உட்கார்ந்தால் போதும்.

அட்டவணை வந்ததும் பார்த்து ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லுங்கள். டுப்பலோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும், நானும் வருகிறேன். வீட்டில் எலுமிச்சை சாதம் கட்டித் தரச் சொல்கிறேன், மைதானத்துக்குள் விடுவார்களா தெரியாது, பார்க்கிங்கிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.