ஐந்தொகையில் ஏறாத குருவி

கேள்வி: பறவை அறிஞர் சலீம் அலி ஆயுசு முழுக்கக் குருவி பார்த்தே 90 வயது வரை இருந்தாராமே, அதனால் யாருக்கு என்ன லாபம்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தேவகோட்டைக் கடிதத்தில் லாபம் வராவிட்டால்தான் எனக்குக் கவலை. சரி, அதையே பேசுவோம்.

நம் செட்டிநாட்டுப் பாட்டன்மார் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன, அதே காலத்தில் சலீம் அலியும் போனார். தவாயில் அவர் குடும்பத்துக்கு வுல்ஃப்ரம் என்ற டங்ஸ்டன் தாதுச் சுரங்கம், மர வியாபாரம். முதல் உலகப் போர் நேரம். ஆயுதம் செய்ய அந்தக் கனிமத்துக்கு ஏகக் கிராக்கி. நம்மவர் ஒருவர் அங்கே கடைப் பெட்டியடியில் இருந்திருந்தால் ஊரில் வீடு கட்டி முகப்பிலிருந்து பின்கட்டு வரை தேக்கை இழைத்திருப்பார். இவர் காட்டுக்குள் பறவை தேடிப் போனார். தொழில் தேறவில்லை. பம்பாயில் வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார், அதுவும் ஒட்டவில்லை. 1926இல் அருங்காட்சியகத்தில் 350 ரூபாய் சம்பளத்துக்கு வேலை. பெர்லினுக்குப் போய்ப் பறவையியல் கற்றுக்கொண்டு 1930இல் திரும்பினால், நிதி இல்லையென்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலை போனதால்தான் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். தூக்கணாங்குருவியை உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே போகும், நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால் குடித்தனம், மீதிக் கூட்டையும் நீண்ட வாசல் குழாயையும் அப்புறம்தான் ஆண் முடிக்கும். பிடிக்காவிட்டால் கூடு அந்தரத்தில் தொங்கும். மாப்பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை, வீட்டைத்தான் பார்க்கிறார்கள். நமக்குப் புதிதில்லை. பெட்டை முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும் ஐயா அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடுவார். ஒன்று முடிய இன்னொன்று என்று இப்படிப் பல குடித்தனம் நடப்பதை 1931இல் கட்டுரையாக எழுதினார் சலீம் அலி. கொண்டுவிக்கப் போன ஊரில் இன்னொரு அடுப்பு மூட்டிய பெரியவர்களைப் பற்றி அவர் எழுதவில்லை. நானும் எழுத மாட்டேன்; பேரப்பிள்ளைகள் நம் சந்தாதாரர்கள்.

லாபம் கேட்டீர்களே, நம் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்க் கேளுங்கள். வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளுமென்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம். அவர்கள் போட்ட கணக்கு உங்கள் ஐந்தொகையில், அந்த முடிப்புக் கணக்கில், எந்தப் பக்கம் வரும்?

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சுவரில் சாய்த்து மாட்டிய பாட்டையா படத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவி வைக்கோல் சொருகும். ஆச்சிமார் திட்டிக்கொண்டே பெருக்குவார்கள், கூட்டை மட்டும் கலைக்க மாட்டார்கள். இப்போது பாட்டையா படமும் தேக்குத் தூணும் காரைக்குடியில் பழைய சாமான் கடையில் கிடக்கின்றன. மிச்சமிருக்கிற வீடுகளில் வளவு என்ற நடுமுற்றத்துக்கு மேலே கம்பிவலை. குருவி எந்த வழியாக வரும்? உடனே குருவி குறைந்ததற்குச் செல்போன் கோபுரம்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சண்டையில் வந்த கடிதங்களே இன்னும் ஒரு சாக்கு இருக்கின்றன. உங்கள் வளவில் வலை போட்டிருக்கிறீர்களா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.