வாசனை தெரியவில்லை என்றால் பார்க்கின்சன்ஸா?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. மூன்று வருடமாக வாசனையே தெரிவதில்லை. சாம்பார் அடிப்பிடித்துக் கருகினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். டீ கிளாஸைத் தூக்கினால் கை லேசாக நடுங்குகிறது. பெயர்கள் மறந்துபோகின்றன. மலச்சிக்கல், கேஸ் தொல்லைக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ராத்திரி கனவு கண்டு கத்துவார், ஒருமுறை கட்டிலிலிருந்து விழுந்தும்விட்டார். வாசனை போனால் பார்க்கின்சன்ஸ் என்ற நடுக்குவாத நோய் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபா. பார்க்கின்சன்ஸுக்கு நாங்கள் அளந்து எழுதித் தரும் அதே மருந்து. நோய் உண்டா என்றே தெரியாதவருக்கு, ஒரு ஸ்பூனில் மருந்து எவ்வளவு என்று தெரியாத பொடியைக் கொடுத்தால் குமட்டலும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலும்தான் மிஞ்சும். போன வாசனை லெவோடோபாவால் திரும்புவதும் இல்லை.

யூடியூப் சொன்னது பாதி உண்மை. பார்க்கின்சன்ஸ் உள்ளவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்காவது மோப்ப சக்தி குறைந்திருக்கும். பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. அதற்காக வாசனை போனவர்களுக்கெல்லாம் பார்க்கின்சன்ஸ் என்று பயமுறுத்துவது அநியாயம். சைனஸ், மூக்கில் சதை வளர்ச்சி, கொரோனா, தலையில் அடி, வயது என்று சாதாரணக் காரணங்களே அதிகம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கிளாஸைத் தூக்கும்போது வரும் நடுக்கத்துக்கும் கலங்க வேண்டாம். பார்க்கின்சன்ஸ் நடுக்கம் பெரும்பாலும் கை மடியில் சும்மா கிடக்கும்போது, ஒரு பக்கமாகத் தொடங்கும். பெயர் மறப்பதை விடுங்கள்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ராத்திரி கத்துகிறார், விழுந்தார் என்று, அதைத்தான் நான் விடமாட்டேன். விடியலை ஒட்டிய நேரத்தில் கையை வீசுகிறாரா, உதைக்கிறாரா? எழுப்பினால், நாய் துரத்தியது, திருடனை அடித்தேன் என்று கனவைச் சொல்கிறாரா? கனவு காணும்போது நம் எல்லோருடைய தசைகளையும் மூளைத்தண்டு தளர்த்திக் கட்டிப்போட்டு வைக்கும். அந்தக் கட்டு அவிழ்ந்தால் கனவில் ஓங்கிய கை பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். பார்க்கின்சன்ஸில் ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் மூளையில் திரண்டு படிகிறது. கை கால் அசைவைக் கெடுக்கும் இடத்துக்கு வருமுன்பே அது மூளையில் வாசனையை வாங்கும் மோப்பக் குமிழிலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் தொடங்குகிறது என்று ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழு 2003-ல் விளக்கியது. வாசனை இழப்பு, மலச்சிக்கல், கனவில் உதைப்பது மூன்றும் ஒருவரிடமே சேரும்போது நாங்கள் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான்.

கனவில் உதைக்கும் இந்தத் தூக்கக் கோளாறு உள்ள 1,280 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. ஆண்டுக்கு நூற்றில் ஆறு பேர் அளவில் பார்க்கின்சன்ஸோ, அதை ஒத்த நோயோ, மறதி நோயோ தெரியவந்தது. நாளைக்கே வந்துவிடும் என்று அர்த்தமில்லை. சும்மா இருந்துவிடலாம் என்றும் அர்த்தமில்லை. வராமல் தடுக்கும் மருந்து இன்று கிடையாது. ஆனால் உதைப்பதைக் குறைக்க மருந்து உண்டு. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் இதே மாதிரி உதைக்க வைக்கும். அவற்றைச் சரிசெய்ய முடியும். எது என்று தூக்கப் பரிசோதனையில் தெரியும். இரண்டு மூன்று ராத்திரி செல்போனில் வீடியோ எடுத்து, இந்த மாதத்துக்குள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது அந்த கேஸ் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். அப்படிக் கடையில் கொடுக்கும் சில மாத்திரைகளில் லெவோசல்பிரைடு என்ற மருந்து இருக்கிறது. மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே பார்க்கின்சன்ஸ் மாதிரி விறைப்பையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். எத்தனை பேர் மருத்துவர் சீட்டே இல்லாமல் இதை வாங்கிப் போடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதுவரை மெத்தையைத் தரையில் போட்டு அவரைப் படுக்கவையுங்கள். பக்கத்தில் சொம்பு, டார்ச், மேஜை முனை எதுவும் வேண்டாம். நீங்கள் தள்ளிப் படுங்கள். சமையல் கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது, அதனால் ராத்திரி ரெகுலேட்டரை மூடுவது உங்கள் வேலையாக இருக்கட்டும்.