கரண்ட் வைப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய மனநல விடுதிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அக்கா மூன்று மாதமாகப் பேசுவதில்லை. ஊட்டிவிட்டாலும் விழுங்குவதில்லை, குழாய் வழியாகத்தான் உணவு போகிறது. கடுமையான மனச்சோர்வு, மருந்து எடுபடவில்லை, தலையில் கரண்ட் வைத்து வலிப்பை வரவழைக்கும் சிகிச்சையைச் செய்து பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். பல வருடங்களுக்கு முன் அத்தைக்கு மயக்க மருந்து கொடுக்காமலே வைத்ததை நேரில் பார்த்தவர் அவர். இன்சுலின், கார்டியசால் என்று அந்தக் காலத்தில் கொடுத்த அதிர்ச்சி வைத்தியமெல்லாம் வழக்கொழிந்துவிட்டதே, இதை மட்டும் எதை வைத்து நம்புவது?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று வைத்தியங்களையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஸ்கிஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கு இன்சுலின் கோமாவை வியன்னாவில் 1933இல் அறிவித்தவர் மருத்துவர் மான்ஃப்ரெட் சாக்கெல். காலையில் வெறும் வயிற்றில், ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் ஊசி. நோயாளி நினைவிழக்கும்வரை தினமும் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். படுக்கை வியர்வையில் நனையும், எச்சில் வழியும், கைகால் வெட்டி இழுக்கும். ஒரு மணி நேரம்போல அப்படியே விட்டு, மூக்குக்குழாயில் சர்க்கரைத் தண்ணீர் இறக்கி எழுப்புவார்கள். வாரத்தில் ஆறு நாள், மொத்தம் ஐம்பது அறுபது முறை. சிலர் எழவேயில்லை. எழுந்தவர்களுக்கும் பிற்பகலில் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் நர்ஸ்கள் கூடவே இருந்தார்கள்.

இருபது வருடம் உலகம் இதை நம்பியது. காரணம் இன்சுலின் கொடுத்த அந்தத் தனி வார்டுதான். நூற்றுக்கணக்கானோரை அடைத்து வைத்திருந்த விடுதிகளில் அங்கே மட்டும் நல்ல நர்ஸ்கள், நல்ல சாப்பாடு, பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள். அதோடு, நோய் வந்து அதிக நாள் ஆகாத இளம் வயதினரைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அவர்களில் பலர் தானாகவே தேறக்கூடியவர்கள். 1953இல் ஹரால்ட் போர்ன் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதை எழுதியபோது மூத்தவர்கள் கொதித்தார்கள். 1957இல் அதே இதழில் ஒரு சோதனை வெளியானது. ஒரு பிரிவுக்கு இன்சுலின், இன்னொரு பிரிவுக்கு பார்பிட்யூரேட் என்ற தூக்க மருந்தால் மயக்கம், இருவருக்கும் ஒரே கவனிப்பு. பலனில் வித்தியாசம் இல்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனித்ததாலேயே பலர் தேறியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்காக அவர்களைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோயிருக்க வேண்டியதில்லை.

கார்டியசால் கதை வேறு. புடாபெஸ்டில் லாசுலோ மெடூனா என்ற மருத்துவர், வலிப்பும் ஸ்கிஸோஃப்ரினியாவும் ஒன்றுக்கொன்று பகை, ஆகவே வலிப்பை வரவழைத்தால் நோய் போகும் என்று நினைத்தார். அந்தக் கோட்பாடு பிழை. 1934இல் நான்கு வருடமாக உறைந்து கிடந்த ஒருவருக்குக் கற்பூர எண்ணெயை ஊசியாகப் போட்டார். அவர் எழுந்து பேசினார், குணமானார் என்று பிறகு எழுதவும் செய்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஆவணங்களைத் தேடியவர்கள், அந்த மனிதர் முழுதாகக் குணமாகவில்லை, 1945இல் அந்த மருத்துவமனையிலேயே இறந்தார் என்று கண்டார்கள். கற்பூரத்துக்குப் பின், வலிப்பை வரவழைக்க வந்த ஊசி மருந்துதான் கார்டியசால். ஊசிக்கும் வலிப்புக்கும் நடுவே சில நொடிகள், உயிர் போவதுபோன்ற பீதி. அடுத்த ஊசிக்கு வரச் சொன்னால் நோயாளிகள் கெஞ்சினார்கள்.

அந்தப் பீதி இல்லாமல் வலிப்பை வரவழைக்கத்தான் ரோமில் 1938 ஏப்ரலில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் மின்சாரத்துக்குப் போனார்கள். ரயில் நிலையத்தில் அலைந்துகொண்டிருந்தபோது போலீஸ் பிடித்துவந்த ஒருவர்தான் முதல் நோயாளி. முதல் முறை மின்சாரம் போதவில்லை. அடுத்ததற்கு முன் அவர், இன்னொரு தடவை வேண்டாம், அது கொன்றுவிடும் என்று சொன்னதாகச் செர்லெட்டியே எழுதியிருக்கிறார். அப்படியும் கொடுத்தார்கள். அவர் தேறியது அந்த மீறலை நியாயப்படுத்தாது.

பிறகு இதையும் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு மயக்க மருந்தும் மின்சாரமும், மற்றதற்கு மயக்க மருந்து மட்டும். 2003இல் அந்தச் சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வில் மின்சாரம் கொடுத்தவர்கள் தெளிவாக அதிகம் தேறியிருந்தார்கள். இன்சுலின் தோற்ற அதே வகைச் சோதனையில் இது நின்றது. உங்கள் நம்பிக்கைக்கு அது போதுமான ஆதாரம் என்பது என் எண்ணம். பேசாமல், உண்ணாமல் உறைந்து போகும் நிலைக்கு இது நன்றாக வேலை செய்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள்.

அத்தைக்கு நடந்ததுபோல இன்று செய்யக் கூடாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கரண்ட் வைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அவசரச் சிகிச்சை என்று சொல்லியும் வைக்க முடியாது. அக்காவால் முடிவெடுக்க முடியாத நிலை என்றால் அவர் சார்பில் யார் சம்மதிப்பது என்பதைச் சட்டப்படி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களின் நினைவு போகலாம். சிலருக்கு அதற்கு முந்தைய நினைவுகளும் போய், திரும்பாமலே இருந்துவிடுகின்றன. இதை மழுப்பாமல் விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள், அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு. முடிந்த பிறகு எந்த மருந்தைத் தொடர்வது என்றும் இப்போதே பேசிவிடுங்கள். அதை விட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்புவது சகஜம்.