கேசட்டில் மட்டும் கிட்டார் அமுங்கிக் கேட்கிறதா?

முதலில் கேசட் டெக்கில் டால்பியை, அதாவது நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதியை, அணைத்துவிட்டுக் கேளுங்கள். டால்பி இல்லாமல் பதிந்த நாடாவை டால்பியோடு ஓட்டினால் கீச்சொலிகள் அமுங்கிவிடும். டிஜிட்டலில் தெளிவாக இருக்கும் பிளாக் மெட்டல் (கரடுமுரடான ஒரு மெட்டல் இசை வகை) ஆல்பம் கேசட்டில் மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் இதுதான்.

மாறவில்லையா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, காய்ந்ததும் வேறொரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் மந்தமென்றால் ஹெட்டின் சாய்வு பிசகியிருக்கலாம். அதைச் சரிசெய்வது ஒரு சின்ன ஸ்க்ரூதான், ஆனால் கண்டபடி திருப்பினால் மற்ற கேசட்டுகளும் கெட்டுக் கேட்கும்.

இந்த இசையில் இரைச்சலை வேண்டுமென்றே வைப்பவர்களும் உண்டு, அதனால் முழுத் தெளிவை எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், கேசட்டின் அட்டைப் படத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்றீர்களே: இலங்கை மலையூரான நுவரெலியாவின் ஈரத்துக்கு அது சகஜம். சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். என்னுடைய கறுப்பு அட்டை ஒன்று வெள்ளையாகவே போய்விட்டது.