பொம்மைச் சேகரிப்பை எப்போது நிறுத்துவது, எப்படிக் குறைப்பது? கேள்வி பதில்

அம்பாசமுத்திரத்து மரச் சொப்பில் தொடங்கி, தகர பொம்மைகள், சிறு வார்ப்புக் கார்கள், ஃபன்ஸ்கூல் போர்வீரர்கள் என்று முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். ஒரு காலத்தில் 1,400 உருப்படிகளுக்கு மேல் இருந்தன. இப்போது 230 இருக்கின்றன. குறைத்தது எப்படி என்று நம் வட்டாரத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு அதை ஆற்று வெள்ளம்தான் தெரிவித்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியபோது, எங்கள் வீட்டுக் கீழறையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தரையில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிரிந்துவிட்டன. வெயில் வந்ததும் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் பழைய பாயை விரித்துக் காயவைத்தேன். அப்போது ஒரே மாதிரியான சிவப்புக் கார் மூன்று இருப்பதைக் கண்டேன்; மூன்றிலும் விலை ஒட்டி உரிக்கப்படாமல் இருந்தது, மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கியவை. ஒட்டிய டேப்பைக்கூடக் கிழிக்காத பார்சல்கள் பதினொன்று இருந்தன. தண்ணீரால் போனவற்றுக்காக நான் வருந்தியது உண்மைதான். ஆனால் என்னிடம் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்ததுதான் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை.

ஆகவே, இருப்பது தெரியாமல் இரண்டாவது முறை வாங்குவது முதல் அறிகுறி. வந்த பார்சலை ஒரு மாதம் ஆகியும் பிரிக்காமல் வைத்திருப்பது அடுத்தது. வாங்கிய விலையை வீட்டில் குறைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், வேறு அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி: என்னிடம் அறுநூறு ஹாட் வீல்ஸ் கார்கள் இருக்கின்றன. கடைக்குப் புதுச் சரக்கு வந்தது என்று யாராவது சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். எல்லாவற்றையும் முழுமையாகச் சேர்க்காமல் எப்படி நிறுத்துவது?

தம்பி, அந்த வரிசையை யாராலும் முழுமையாகச் சேர்த்துவிட முடியாது. 1968இல் தொடங்கிய அந்தக் கார்கள் ஆண்டுதோறும் புதிய வார்ப்புகளிலும் புதிய நிறங்களிலும் வந்துகொண்டே இருக்கின்றன. 1995 முதல் டிரஷர் ஹன்ட் என்று அரிதான சிலவற்றை இடையில் கலந்தும் விடுகிறார்கள். முடிவில்லாத ஒன்றை முடிக்க முயல்வதால்தான் உங்களுக்கு இந்த ஓட்டம். எல்லையை நீங்கள்தான் போட வேண்டும்: ஒரே நிறுவனத்தின் வண்டிகள் மட்டும், அல்லது லாரிகள் மட்டும், அல்லது நீங்கள் பள்ளியில் படித்த ஆண்டுகளில் வந்தவை மட்டும். எல்லை போட்ட பிறகு மூன்று மாதம் எதையும் வாங்காமல், கையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோட்டில் எழுதுங்கள். அறுநூறையும் எழுதி முடிப்பதற்குள், எவற்றை எழுதும்போது உங்களுக்கு அலுப்பு வந்தது என்பது தெரிந்துவிடும். அவற்றை முதலில் கொடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா: என் ஆச்சியின் சொப்புச் சாமான் ஒரு பெட்டி இருக்கிறது. அந்த ஆசையில் நானும் பன்னிரண்டு செட் வாங்கிவிட்டேன். எதை வைத்துக்கொள்வது? ஆச்சியின் குடத்தைச் சானிடைசர் போட்டுத் துடைத்தபோது நிறம் துணியில் வந்துவிட்டது; அதற்கு என்ன செய்வது?

முதலில் அந்தத் துணியைத் தள்ளி வையுங்கள் அம்மா. உங்கள் ஊர்ச் சொப்பில் உள்ளது பெயிண்ட் அன்று, அரக்கு. கடைசல் பட்டறையில் மரத்துண்டு சுழலும்போது நிறம் சேர்த்த அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவார்கள்; உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு பிடித்துக்கொள்ளும்; பின்பு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும் பொருள் என்பதால் சானிடைசர் பட்டவுடன் நிறம் விட்டிருக்கிறது. இனி உலர்ந்த மென்துணி மட்டும் போதும். வெந்நீரும் வெயிலும்கூட ஆகாது. கரைந்த இடத்தில் வேறு சாயம் பூச வேண்டாம். கடைசல் வேலை செய்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவரும் ஆச்சி கையாண்ட தேய்மானத்தை அழித்துவிடாதபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என் கருத்து இது. ஆச்சியின் பெட்டியை ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, பானை, உரல், உலக்கை, திருகை என்று அது ஒரு முழு அடுக்களை. அதிலிருந்து ஒன்றை எடுத்தாலும் குடும்பம் கலைந்த மாதிரி ஆகிவிடும். நீங்கள் வாங்கிய பன்னிரண்டில், வேலைப்பாட்டால் வேறுபட்ட இரண்டு போதும். மற்றவற்றை விளையாடும் வயதில் பெண்குழந்தையோ ஆண்குழந்தையோ இருக்கிற உறவுக்காரர் வீடுகளுக்குக் கொடுங்கள். சொப்பு விளையாடுவதற்கென்றே கடையப்பட்டது. வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைக்கு மட்டும் சிறிய உருப்படிகளைக் கொடுக்க வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர்: அம்மா காலமான பிறகு ஒன்பது படிக் கொலுப் பொம்மைகள் என் பொறுப்பில் வந்துள்ளன. நாங்கள் இருப்பதோ சிறிய வாடகை வீடு. குறைத்தால் அம்மாவுக்குச் செய்யும் குறையாகுமோ என்று மனைவி தயங்குகிறார்.

மூன்று படி வைப்பதும் கொலுதான், ஐயா. படிகளைக் குறைக்கலாம், கொலுவை நிறுத்த வேண்டியதில்லை. மரப்பாச்சி இணையையும், அம்மா கையால் உடுத்தி அலங்கரித்தவற்றையும், தசாவதாரம் போன்ற ஒரு முழு வரிசையையும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நவராத்திரி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, முதன்முதலாகக் கொலு வைக்க நினைக்கும் வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்; பரணில் ஏறிய பிறகு எதுவும் இறங்காது. கொடுக்கும் முன் அம்மாவின் ஒன்பது படியையும் ஒருமுறை முழுதாக அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த மண்பொம்மைகளைத் தயவுசெய்து ஆற்றில் விட வேண்டாம். மேலே பூசியிருப்பது இன்றைய ரசாயன வண்ணம், அந்த நீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

மேலப்பாளையத்திலிருந்து ஒருவர்: வெளியூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

அவசரத் தேவைக்குப் பணம் வேண்டுமென்றால் கொடுக்கலாம். இல்லையென்றால் பொறுங்கள். மொத்தமாக வாங்குபவர் நூறில் நல்ல பத்து உருப்படிகளுக்கு மட்டுமே மனத்தில் விலை போட்டிருப்பார். மற்ற தொண்ணூறும் அவருக்குச் சுமைதான். அந்தப் பத்து எவை என்று நீங்கள் கண்டுபிடித்துத் தனித்தனியாக விற்றுவிட்டு, மற்றவற்றை வகைவாரியாகக் கட்டி விடுங்கள். விலை தெரிந்துகொள்ள, விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம், உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். குறையை மறைக்காமல் எழுதுங்கள்: ஜி.ஐ. ஜோ போர்வீரன் பொம்மை என்றால் இடுப்பை இணைக்கும் உள் ரப்பர் வளையம் இறுகியிருக்கிறதா, அற்றுப்போயிருக்கிறதா. பேட்டரி பொம்மை என்றால் பேட்டரி கசிந்து தகடு பச்சை பிடித்திருக்கிறதா. மெதுப் பிளாஸ்டிக் பொம்மை என்றால் கைகால் பிசுபிசுக்கிறதா. அந்தப் பிசுபிசுப்பு பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருந்த பொருள் வெளியே கசிவதால் வருவது. நீங்கள் எத்தனை முறை கழுவினாலும் திரும்ப வரும். நம் ஊர் வெக்கையில் மூடிய பரணில் இது இன்னும் விரைவாக நடக்கும் என்பதால், இத்தகையவற்றை ‘இன்னும் விலை ஏறட்டும்’ என்று காத்திருந்து வைத்திருப்பதில் பயனில்லை.

வள்ளியூரிலிருந்து ஓர் ஆசிரியை: பழைய பொம்மைகளை அங்கன்வாடிக்குக் கொடுத்தால் நல்லதல்லவா?

நல்ல மனம், ஆனால் எல்லாவற்றையும் கொடுக்கக் கூடாது. பழைய தகர பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். விளிம்புகளும் கையைக் கிழிக்கும். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல்தான். ஆகவே முத்திரையுள்ள, உடையாத, சிறு துண்டுகள் கழன்று வராத பொம்மைகளை மட்டும் கொடுங்கள். பழையவை பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஆலங்குளத்திலிருந்து ஒருவர்: ஒன்பது வயது மகனின் பொம்மைகளையும் சேர்த்துக் குறைத்துவிடலாமா?

வேண்டாம். அவை அவனுடையவை, அவனைக் கேட்காமல் ஒன்றையும் தொட வேண்டாம்.

தென்காசியிலிருந்து ஒரு பெரியவர்: எனக்கு 68 வயதாகிறது. பிள்ளைகளுக்கு இதில் ஈடுபாடு இல்லை. எனக்குப் பிறகு எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுமோ என்ற கவலை இருக்கிறது.

உங்கள் கவலை நியாயமானது, அண்ணாச்சி. ஒரு நண்பரின் தகர ரயில்கள் எடைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு படம், எப்போது எங்கே வாங்கியது, இன்றைய மதிப்பு என்ன, யாரிடம் கேட்டால் நியாயமான விலை கிடைக்கும் என்று எழுதுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈடுபாடு இல்லை என்று நினைத்த பிள்ளை தன் சிறுவயதில் தொட அனுமதிக்கப்படாத ஒன்றைக் கேட்கும். மீதியை நீங்கள் நலமாக இருக்கும்போதே, உங்கள் கையால், வாங்குபவரின் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

திருநெல்வேலி டவுனிலிருந்து ஒருவர்: எல்லாம் குறைத்துவிட்டேன், அண்ணாச்சி. ஆனால் நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா வந்தால் ரத வீதிக் கடைகளில் கை தானாக நீள்கிறது. என்ன செய்வது?

வாங்குங்கள். அலமாரிக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். போன ஆனியில் நானும் ஒரு தகரப் படகு வாங்கினேன். திரி ஏற்றினால் உள்ளே இருக்கும் சிறு தகட்டுப் பெட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குழாய் வழியாகப் பின்னால் தள்ளும், உடனே மறுபடி தண்ணீரை உறிஞ்சும், அந்தத் தகடு உள்ளும் புறமும் அசைவதால்தான் டப்டப்பென்று சத்தம் வரும். பக்கத்து வீட்டுப் பையனும் நானும் பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, எண்ணெய் தீரும்வரை ஓட்டினோம். அடிப்பக்கம் கரி பிடித்து, மூக்கும் நெளிந்துவிட்டது. படகை அவன் எடுத்துக்கொண்டு போனான்.