பாரிஸில் ‘சி’ என்று சொல்லுமுன்

தம்பி, இத்தாலியின் பலெர்மோவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் பாரிஸ் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்குவது, இத்தாலிய மொழி தெரிந்தவனுக்குப் பிரெஞ்சு வகுப்பு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலிரண்டையும் பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கி எந்தக் கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். மூன்றாவதற்கு நான் பதில் சொல்கிறேன். 1998இல் நானும் பலெர்மோவில் இருந்துதான் வந்தேன்.

“இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், இத்தாலியன் போதும்” என்று எனக்குச் சொன்னவர்கள் நம்மவர்களே. அதை நம்பியதால் நான் பட்டதைக் கேளுங்கள்.

வந்த மூன்றாம் மாதம் பல் பிடுங்கப் போனேன். “உங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை இல்லையே?” என்று தாதி பிரெஞ்சில் கேட்டார். கேள்வி விளங்கியது. ஊரில் இப்படிக் கேட்டால் “ஓம், இல்லை” என்போம். ஆமாம் என்னும் அந்த ஓமைத்தான் இத்தாலிய வாயால் ‘சி’ என்றேன். பலெர்மோவில் என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்டிருப்பார்கள். பிரெஞ்சிலோ, இல்லையென்று கேட்ட கேள்விக்கு ‘சி’ என்றால் “அப்படியல்ல, உண்டு” என்று மறுப்பதாகும். சாதாரண ஆமாமுக்கு ‘வீ’, மறுத்துச் சொல்லும் ஆமாமுக்கு ‘சி’. ஒவ்வாமை இல்லாதவன் ‘நோன்’ என்றிருக்க வேண்டும். தாதி நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “உங்களுக்குப் பென்சிலின் ஆகாதல்லவா” என்று மருத்துவர் கோப்பைப் பார்த்து வாசித்தார். அதற்குள் நான் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு கற்றிருந்தேன். நடந்ததை அவருக்கு நானே விளக்கித் திருத்த முடிந்தது. அந்த நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

அதன்பிறகு அந்த ஓரெழுத்துச் சொல்லை நான் விடவில்லை. இலத்தீனில் அது இரண்டு சொற்கள். ஒன்று ‘சீ’, அதாவது ‘ஆல்’ என்னும் நிபந்தனை. மற்றது ‘சீக்’, ‘அப்படி’ என்று பொருள். இத்தாலியரும் ஸ்பானியரும் ஆமாம் சொல்வது ‘சீக்’கிலிருந்து வந்த சொல்லால். ருமேனியரிடம் அதுவே ‘ஷி’ ஆகி, ‘உம்’ என்ற பொருளில் நிற்கிறது. என்னோடு பாத்திரம் கழுவிய ருமேனியர் பேச்சுக்குப் பேச்சு ‘ஷி, ஷி’ என்றபோது, எனக்கு ஆமாம் போடுகிறார் என்றே பல நாள் நினைத்திருந்தேன். சுவாஹிலி பேசும் கென்யர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் மொழியில் ‘சி’ என்றால் ‘அல்ல’. அதற்கும் இலத்தீனுக்கும் உறவே இல்லை.

பிரெஞ்சு ‘சி’ அந்த இரண்டு இலத்தீன் சொற்களின் வேலையையும் செய்கிறது. மறுக்கும் ஆமாம் அதுவே, ‘இவ்வளவு அழகு’ என்பதில் வரும் ‘இவ்வளவு’ அதுவே, ‘வந்தால்’ என்பதில் வரும் ‘ஆல்’ அதுவே. இத்தாலியில் நிபந்தனைக்கு ‘சே’ என்று பழகிய உங்களுக்கு இங்கே நாக்கு தடுமாறும். “பணம் இருந்தால் வீடு வாங்குவேன்” என்று பிரெஞ்சில் கனவு காணும்போது, ‘சி’யை அடுத்து இறந்தகால வடிவம் வரவேண்டும். ‘வாங்குவேன்’ போன்ற வடிவத்தை அங்கே போட்டால் பள்ளிப் பிள்ளைகளே திருத்துவார்கள். நம் ‘வந்தால்’ என்ற சொல்லிலும் ‘வந்த்’ என்ற இறந்தகால அடிதானே இருக்கிறது? நாளை வருவதையும் அதைக்கொண்டே சொல்கிறோம். தமிழ் தெரிந்தவனுக்கு இது புதிதல்ல. ஆசிரியை எனக்குக் கற்றுத்தந்த பழமொழி ஒன்று: நிறைய ‘சி’ போட்டால் பாரிஸையே ஒரு போத்தலில் அடைத்துவிடலாம். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன்.

அதனால் வகுப்புக்குப் போங்கள், வந்த கிழமையே போங்கள். 2026 சனவரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவரிடம் மொழித் தேர்ச்சியில் பி2 நிலை கேட்கிறார்கள். முன்பு பி1 போதுமானதாக இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் லாச்சப்பலைத் தாண்டாமல் இருந்துவிட்டு, வைத்தியரிடம் போகப் பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு விடாமல் கூட்டிப்போகிறவர்களை எனக்குத் தெரியும். தாயின் நோயைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது கொடுமை. அவர்களிடம் வழி கேட்காதீர்கள்.

பலெர்மோ என்றதும் இன்னொரு ‘சி’யும் நினைவுக்கு வருகிறது. பல்லாரோ சந்தைக்குப் பின்னாலுள்ள சந்துகளில், நானும் மனைவியும் கதவு கதவாக ‘அஃபித்தாசி’ என்ற அட்டைகளைத் தேடி நடப்போம். வாடகைக்கு விடப்படும் என்று பொருள். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ‘சி’ நம் ‘படும்’ செய்கிற வேலையைச் செய்கிறது. வீடு கிடைத்தால் மலையேறி வருகிறேன் என்று பலெர்மோவின் காவல் புனிதை சாந்த ரோசலியாவுக்கு மனைவி நேர்த்தி வைத்திருந்தாள். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மோந்தே பெல்லெக்ரினோ மலையில் வெறுங்காலோடு ஏறினாள். செருப்புகளை நான் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.